முட்டைத் தட்டில் நாத்தனார்

அன்று காலை மொட்டை மாடியில் இருந்தவர்களை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வந்து "நானும் இருந்தேன்" என்று சொல்லக் கூடாது.

நான். என் மனைவி. எங்கள் மகள். மாப்பிள்ளை. அடுத்த வீட்டு டெய்லர். மொத்தம் ஐந்து பேர். டெய்லரின் பூனை இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள கைப்பிடிச் சுவரில் படுத்திருந்தது. உடம்பில் பாதி அவர் பக்கம், பாதி எங்கள் பக்கம் தொங்கியது. ஆகவே அரை என்று வைத்துக்கொள்ளலாம். தண்ணீர்த் தொட்டியின் மேல், பழைய துண்டு போர்த்திய ஒரு முட்டைத் தட்டு. அதில் முப்பது குழி. முப்பது குழியிலும் முப்பது செடி.

இந்த ஐந்து பேரில், நடக்கப் போவது இன்னதென்று தெரியாதவர்கள் இரண்டே பேர். ஒருவர் மாப்பிள்ளை. இன்னொருவர், விழாவை ஏற்பாடு செய்த நான்.

நான் எட்டாவது வரை படித்தவன். வானிலை நிலையத்தில் அளவு எடுக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஒரு நாளைக்கு மூன்று தடவை வெப்பமானியைப் பார்க்க வேண்டும். மழைமானியைப் பார்க்க வேண்டும். பார்த்ததைப் புத்தகத்தில் எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை. முப்பத்தெட்டு வருஷம் செய்தேன். என் கல்யாணத்தன்று மட்டும் எனக்குப் பதிலாக வேறொருவர் அளவு எடுத்தார். அந்த ஒரு நாள் கணக்கில் எனக்கு இன்றுவரை சந்தேகம்தான்.

கல்யாணமான எட்டாம் நாள் என்னை ஒரு வறண்ட மலைக்கு மாற்றினார்கள். ஒரு அறை, ஒரு சமையலறை, பத்தடி தள்ளி, கருவிகள் வைத்த, ஆள் நுழையும் அளவு மரக்கூண்டு. அக்கம்பக்கத்து வீடு என்றால் ஏழு கிலோமீட்டர் போக வேண்டும். என் மனைவிக்குப் பேச ஆள் இல்லை. நான் இருந்தேன். ஆனால் நான் பேசுகிற ஆள் இல்லை.

மழைமானிக்குப் பக்கத்தில், பாறை இடுக்கில், முழங்கால் உயரத்துக்கு ஒரு செடி நின்றது. இலை கிடையாது. கணுக்கணுவாகப் பச்சைக் குச்சிகள் மட்டும். எனக்கு முன்னால் அங்கே வேலை பார்த்தவர் ஒரு சின்னப் பலகையில் அதன் பெயரை எழுதி நட்டு வைத்திருந்தார்.

போய் இறங்கிய அன்றே அவள் கேட்டாள்.

"ஏங்க, இந்தத் துடைப்பத்தை யாரு இங்க தலைகீழா நட்டு வெச்சது?"

"துடைப்பம் இல்ல. எபெட்ரா."

"அப்படின்னா?"

"தெரியாது. பலகையில இருக்கு."

"இலையே இல்லையே?"

"இல்ல."

"பூவாவது பூக்குமா?"

"தெரியாது."

அவள் செடியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடியும் செடியைப் பார்த்தாள்.

"ஒல்லியா, விறைப்பா, வாயே திறக்காம... உங்க கூடப் பொறந்த தங்கச்சி மாதிரியே இருக்குங்க."

எனக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. அன்றிலிருந்து ஒருத்தி வந்துவிட்டாள். என் மனைவி அந்தச் செடியை நாத்தனார் என்றுதான் கூப்பிட்டாள்.

துணி துவைத்து முடித்ததும் நாத்தனாருக்குப் பக்கத்தில் ஒரு கல்லைப் போட்டு உட்கார்ந்துகொள்வாள். நான் கூண்டுக்குள் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகவே சத்தமாகப் பேசுவாள்.

"பாத்தீங்களா நாத்தனாரே, உங்க அண்ணன் இன்னைக்குக் காலையில இருந்து எத்தனை வார்த்தை பேசியிருக்கார் தெரியுமா? ஒன்பது! அதுல ஆறு, வெயில் எத்தனை டிகிரின்னு!"

அவள் எண்ணிக்கை தவறு. பதினொன்று. ஆனால் அதைச் சொன்னால் பதினேழாகிவிடும் என்று பேசாமல் இருந்தேன்.

"உள்ள இருக்கவருக்குக் கேக்குதா? காத்தடிச்சா இதாவது தலையாட்டுது. சில பேரு அதுகூடச் செய்யறதில்ல."

குளிர்காலத்தில் ஒரு நாள் செடியின் கணுக்களில் சிவப்புச் சிவப்பாக மணிகள் வந்தன. பழம் மாதிரி. என் மனைவி கரண்டியோடு வெளியே ஓடி வந்தாள்.

"என்னங்க! இங்க வாங்களேன்! உங்க தங்கச்சி கம்மல் போட்டுக்கிட்டு நிக்கறா!"

வேறொரு நாள் மேலதிகாரி வந்தபோது விசாரித்தேன். இந்தச் செடியில் ஆண் தனி, பெண் தனி, சிவப்பு மணி வைப்பது பெண் மட்டும்தான் என்றார். ஆகவே என் மனைவி சொன்னது சரி. அவள் சொல்வது சரியாகப் போவது அப்போதுதான் ஆரம்பித்தது.

மூன்று வருஷமும் இரண்டு மாதமும் அங்கே இருந்தோம். பிறகு மாற்றல் வந்தது. மூட்டை கட்டி முடித்ததும் அவள் கேட்டாள்.

"நாத்தனார்கிட்ட இருந்து ஒரே ஒரு குச்சி ஒடிச்சுக்கறேங்க. போற இடத்துல நட்டுப் பாக்கலாம்."

"கூடாது."

"ஏன்?"

"அரசாங்க இடம். ஒரு கல்லைக்கூட எடுக்கக் கூடாது."

"ஒரு குச்சிங்க."

"குச்சியும் கூடாது."

பேருந்தில் பதினோரு மணி நேரப் பயணம். பதினோரு மணி நேரமும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாத ஆளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

இது நடந்து முப்பத்தாறு வருஷம் பத்து மாதம் ஆகிறது. இதற்குள் "ஒரே ஒரு குச்சி கேட்டேன்" என்ற பேச்சு எங்கள் வீட்டில் இருநூற்றுப் பன்னிரண்டு தடவை வந்திருக்கிறது. நான் எண்ண ஆரம்பித்த பிறகு வந்தது மட்டும்.

எங்கள் நாற்பதாவது கல்யாண நாள் நெருங்கியபோது ஒரு தீர்மானம் எடுத்தேன். நாத்தனாரை வீட்டுக்கு அழைத்து வருவது. விதை போட்டு, முளைக்க வைத்து, வளர்த்து, அந்த நாளில் அவள் முன்னால் நிறுத்துவது. அதுவரை அவளுக்குத் தெரியக் கூடாது. நாற்பது வருஷத்தில் அவளுக்குத் தெரியாமல் நான் செய்த காரியங்களின் எண்ணிக்கை பூஜ்யம். ஒன்றாவது இருக்கட்டுமே என்று பட்டது. அவள் வாயிலிருந்து "பரவாயில்லையே நீங்க" என்று ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும். அதையும் இதுவரை எண்ணி வந்திருக்கிறேன். அதுவும் பூஜ்யம்தான்.

மலை நிலையத்தில் இப்போது இருக்கும் அதிகாரிக்கு முறைப்படி ஒரு கடிதம் எழுதினேன். தானாக உதிர்ந்த விதைகளில் முப்பது அனுப்ப முடியுமா, அதற்கு யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று கேட்டிருந்தேன். நல்ல மனிதர். உதிர்ந்தது எல்லாம் பெருக்கித் தள்ளுகிற குப்பைதான், அதற்கு அனுமதி வேண்டாம் என்று பதில் போட்டு, விதைகளையும் அனுப்பிவிட்டார். எண்ணினேன். முப்பது. மரப்பட்டை நிறத்தில், அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய விதைகள்.

விதைக்க முட்டைத் தட்டுதான் சரி என்று முடிவு செய்தேன். முப்பது குழி. தட்டு மட்டும் தனியாகக் கிடைக்கவில்லை. முட்டையோடு வாங்கி வந்தேன்.

"என்னங்க இது, முப்பது முட்டை? வீட்டுல இருக்கறது ரெண்டே பேரு."

"உடம்புக்கு நல்லது."

"யாரு உடம்புக்கு?"

"ரெண்டு பேருக்கும்."

"சரி. ஆளுக்குப் பதினஞ்சு. நான் எண்ணிக்கிட்டே இருப்பேன்."

தட்டு சீக்கிரம் காலியாக வேண்டும் என்ற அவசரம் எனக்கு. ஐந்து நாளில் நான் இருபத்தொன்று சாப்பிட்டேன், அவள் ஒன்பது. ஆறாம் நாள் காலித் தட்டைக் கையில் எடுத்தபோது முட்டை என்ற சொல்லே எனக்குக் கசந்தது.

மொட்டை மாடியைத் தேர்ந்தெடுத்ததில்தான் என் மூளை வேலை செய்தது. என் மனைவிக்கு இரண்டு வருஷமாக முழங்கால் வலி. பதினெட்டுப் படி ஏற முடியாது. துணி காயப் போடுவதும் எடுப்பதும் இரண்டு வருஷமாக நான்தான். உலகத்தில் அவள் கண் படாத இடம் ஒன்று உண்டென்றால் அது எங்கள் மொட்டை மாடிதான்.

விதைகளை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊற வைத்தேன். குழிகளில் மணலும் மண்ணும் கலந்து நிரப்பினேன். குழிக்கு ஒரு விதை, அரை விரல் நக அளவு ஆழம். பிறகு தண்ணீர். ஓய்வு பெற்றபோது, விளிம்பு உடைந்தது என்று கழித்துவிட்ட மழை அளக்கும் கண்ணாடிக் குவளையை என்னிடமே கொடுத்திருந்தார்கள். அதில் அளந்து, ஒரு குழிக்கு ஐந்து மில்லி. காலை எட்டரை, மதியம் இரண்டரை, மாலை ஐந்தரை. முன்பு அளவு எடுத்த அதே நேரங்கள். கை தானாகவே கடிகாரத்தைத் தேடியது. ரொம்ப நாள் கழித்து எனக்கு வேலை கிடைத்த மாதிரி இருந்தது.

மறுநாள் காலை நடைப்பயிற்சி முடித்து மாடிக்குப் போனால், தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கொண்டை ஊசி கிடந்தது. கீழே எடுத்து வந்தேன்.

"இது மாடியில கிடந்துச்சு."

"அட, என்னோடதுதான். தேடிக்கிட்டே இருந்தேன். காக்கா தூக்கிட்டுப் போயிருக்கும்."

"காக்காவுக்குக் கொண்டை ஊசி எதுக்கு?"

"ஏன், அதுக்கும் கொண்டை போட ஆசை இருக்காதா?"

யோசித்துப் பார்த்தேன். காகத்தின் ஆசை நமக்கு எப்படித் தெரியும்? விட்டுவிட்டேன்.

பத்தாம் நாள் முளைத்தது! மண்ணிலிருந்து பச்சை நூல் ஒன்று, ஊசியை வளைத்த மாதிரி மடங்கி வெளியே வந்திருந்தது. பிறகு நிமிர்ந்தது. இலை இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இல்லை! அந்த முளையின் வடிவத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆனால் இலை இல்லாத பச்சைக் குச்சி வேறு எதுவாக இருக்க முடியும்? அன்று இருபத்தெட்டு. இருபதாம் நாள் முப்பது. பள்ளிக்கூடத்தில் நான் முப்பதுக்கு முப்பது வாங்கியதே கிடையாது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் டெய்லர் நின்றிருந்தார். அவர் மாடியில் ஒரு தகர ஓட்டின் கீழே தையல் இயந்திரம் போட்டுத் தைப்பவர். என் மனைவியை அக்கா என்று கூப்பிடுவார். அவரிடம் மட்டும் ரகசியத்தைச் சொல்லியிருந்தேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் அது ரகசியம் என்று எப்படித் தெரியும்?

"பாத்தீங்களா டெய்லர்? முப்பது!"

"அடேயப்பா! என்ன சார் இது, புல்லா?"

"புல்லா? எபெட்ரா! பாலைவனத்துல வளர்ற செடி. லேசுல முளைக்காது. பக்குவம் தெரிஞ்சவன் கைக்குத்தான் முளைக்கும்."

"ஆமா சார். பக்குவம் தெரிஞ்ச கைதான்."

அவர் இதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. தன் காலடியில் இருந்த ஒரு பிஸ்கட் டின்னைப் பார்த்தார்.

"அதுல என்ன?"

"பட்டன் சார்."

"பட்டனை எதுக்கு வெயில்ல வெக்கறீங்க?"

"ஈரம் பட்டுடுச்சு சார். காயட்டும்னு."

பட்டனுக்கு ஈரம் படும் என்று எனக்குத் தெரியாது. ஒருவன் தொழிலில் இன்னொருவன் தலையிடக் கூடாது.

நாள் ஆக ஆக, மாடியில் நான் இருக்கும் நேரம் கூடியது. தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துகொள்வேன். அந்த மலையின் காற்று, கூண்டுக் கதவின் கிரீச், கல்லின் மேல் உட்கார்ந்து குறை சொல்லும் இருபத்திரண்டு வயதுப் பெண் எல்லாம் ஞாபகத்துக்கு வரும். அவள் குறை சொல்லச் சொல்ல நான் கூண்டுக்குள் சிரித்துக்கொண்டிருப்பேன். வெளியே வரும்போது முகத்தைத் துடைத்துச் சரி செய்துகொண்டு வருவேன். அதை அவளிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

"மாடியில இவ்வளவு நேரம் என்னங்க பண்றீங்க?"

"துணி காயுதான்னு பாக்கறேன்."

"நீங்க பாத்தா சீக்கிரம் காயுமா?"

"காயாது."

"பின்ன?"

"சும்மா."

"சரி சரி. பாருங்க. துணிக்கும் ஒரு துணை வேணும்ல."

விதைத்த ஐம்பத்தாறாம் நாள் மாலையோடு தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினேன். மறுநாள் கல்யாண நாள். செடிகள் ஒரு சாண் உயரம். நான்கு வாக்கியங்களில் ஒரு பேச்சுத் தயார் செய்து பதினோரு நாள் மனப்பாடம் செய்திருந்தேன்.

மகளும் மாப்பிள்ளையும் காலையிலேயே வந்துவிட்டார்கள். "எல்லாரும் மாடிக்கு வாங்க, ஒரு விஷயம் இருக்கு" என்றேன். என் மனைவி முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"மாடிக்கா? என்னாலயா? பதினெட்டுப் படிங்க!"

மகள் ஒரு பக்கம், மாப்பிள்ளை ஒரு பக்கம் பிடித்து ஏற்றினார்கள். பதினெட்டுப் படிக்கு அவள் இருபத்திரண்டு தடவை "அம்மா!" என்றாள். பின்னால் வந்த எனக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்காக எவ்வளவு வலியைத் தாங்குகிறாள்!

டெய்லர் கைப்பிடிச் சுவரைத் தாண்டி வந்து நின்றார். நான் தொண்டையைச் சரி செய்தேன்.

"நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு மலையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம்." முதல் வாக்கியம். "அங்கே ஒரே ஒரு குச்சி கேட்டவளுக்கு நான்..."

அதற்கு மேல் வரவில்லை. கூச்சம். துண்டை எடுத்துவிட்டேன்.

எல்லாரும் பார்த்தார்கள். முப்பது பச்சைக் குச்சிகள் காற்றில் ஆடின. மாப்பிள்ளை மட்டும் குனிந்து, ஒரு நுனியைக் கிள்ளி, மூக்கில் வைத்துப் பார்த்தார்.

"மாமா, இது வந்து... ஆ!"

மகள் அவர் காலை மிதித்திருந்தாள். தெரியாதவர்கள் இரண்டு பேர் என்று சொன்னேன் அல்லவா? அதில் ஒருவருக்கு ஒரே நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. மிச்சம் ஒருவர்.

"ரொம்ப நல்லா வந்திருக்குங்க," என்றாள் என் மனைவி. "டெய்லர் தம்பி, அந்தக் கத்திரியக் குடுங்க."

கத்திரியை வாங்கினாள். தட்டுக்குப் போனாள். சரக்.

"ஏய்! என்ன பண்ற! அது நாத்தனார்!"

"நாத்தனார் இல்லைங்க." சரக், சரக். "வெங்காயம்."

"என்னது?"

"வெங்காயம். மோந்து பாருங்க. மாப்பிள்ளைக்கு ஆம்லெட்னா உசிரு. நாலு நாத்தனாரைப் பொடியா நறுக்கிப் போட்டா மணமா இருக்கும்."

மோந்து பார்த்தேன். வெங்காயம்தான். அறுபத்தாறு வருஷமாக வெங்காயம் சாப்பிட்டு வருகிறவன் நான்.

"அப்ப... என் விதை?"

"டெய்லர் தம்பி, பட்டன் டின்னைக் கொண்டாங்க."

டெய்லர் பிஸ்கட் டின்னைத் தூக்கி வந்து சுவர் மேல் வைத்தார். பூனை தன் அரையையும் எடுத்துக்கொண்டு நகர்ந்தது. டின்னுக்குள் பொடிக் கல்லும் மணலும். அதில் ஒன்றரை விரல் உயரத்துக்கு, சாம்பல் கலந்த பச்சையில், கணு வைத்த ஒல்லிக் குச்சிகள். விறைப்பாக, வாயே திறக்காமல் நின்றன. பார்த்தவுடனே தெரிந்தது. முப்பத்தாறு வருஷம் பத்து மாதம் கழித்துப் பார்த்தாலும் சொந்தக்காரர்களை அடையாளம் தெரியாதா?

எண்ணினேன். பதிமூன்று.

"எப்ப?" என்றேன்.

"நீங்க விதைச்ச மறுநாள். நீங்க நடக்கப் போயிருந்தீங்க. கொண்டை ஊசியால ஒண்ணொண்ணா கிளறி எடுத்தேன். காலிக் குழியைப் பாத்துக்கிட்டு நீங்க உக்காந்திருந்தா பாவமா இருக்கும்ல? அதான் தம்பிகிட்டச் சொல்லி வெங்காய விதை வாங்கிப் போட்டேன். ரெண்டு முளைக்கல. நீங்க எண்ணுவீங்களேன்னு மறுபடியும் ரெண்டு போட்டேன்."

"என் விதைன்னு உனக்கு யாரு சொன்னது?"

"மலையில இருந்து அந்த அதிகாரி போன் பண்ணாரு. நீங்க வீட்டுல இல்ல. முப்பது போதுமாம்மான்னு கேட்டாரு. போதும்னேன். எப்படி வளக்கறதுன்னும் கேட்டுக்கிட்டேன். யாரும் ஒண்ணும் செய்யாம இருந்தா வளரும்மான்னாரு. அதைக் கேட்டதும் உங்க கையில விடக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன்."

"நான் அளந்துதானே ஊத்தினேன்!"

"ஆமா, அளந்தீங்க. அந்த மலையில ஒரு வருஷத்துக்கு எவ்வளவுங்க மழை?"

"நூற்று நாற்பத்தொரு மில்லிமீட்டர். சராசரி."

"அதை அளந்து எழுதினது யாரு?"

"நான்."

"இங்க ஒரு குழிக்கு எவ்வளவு மழை பெய்ய வெச்சீங்க?"

மனசுக்குள் கணக்குப் போட்டேன். ஒரு தடவைக்கு ஐந்து மில்லி. ஒரு நாளைக்கு மூன்று தடவை. ஐம்பத்தாறு நாள். எண்ணூற்று நாற்பது மில்லி. குழியின் அகலத்தை வைத்துப் பார்த்தால், மழைக் கணக்கில் ஐந்நூற்று இருபத்தைந்து மில்லிமீட்டர். அந்த மலையில் மூன்றே முக்கால் வருஷத்து மழை. நாங்கள் அங்கே குடியிருந்த காலம் முழுக்கப் பெய்ததைவிட அதிகம். நான் முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"பாதியை எடுத்துக்கிட்டுப் பாதியை உங்களுக்கு விட்டுடலாம்னுதான் நினைச்சேன்," என்றாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "மூழ்கிப் போகும்னு தெரிஞ்சும் விட மனசு வரலைங்க. எத்தனை வருஷம் கழிச்சு வந்திருக்கா."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"நீங்க என்கிட்டச் சொன்னீங்களா?"

மகளும் மாப்பிள்ளையும் ஆம்லெட் போடுகிறோம் என்று வெங்காயத்தாளை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்கள். டெய்லர் தன் இயந்திரத்துக்குப் போனார். நாங்கள் இரண்டு பேரும் டின்னும் மட்டும். மலையில் இருந்த எண்ணிக்கையேதான்.

அவள் முக்காலிக்குப் பக்கத்தில், தொட்டித் திட்டில் உட்கார்ந்தாள். டின்னை மடியில் வைத்துக்கொண்டாள்.

"பாத்தீங்களா நாத்தனாரே," என்றாள். அதே சத்தம். அதே இழுப்பு. "உங்க அண்ணன் மாறவே இல்ல. எனக்கு ஒரு குச்சி குடுக்க முப்பத்தாறு வருஷம் யோசிச்சிருக்காரு. அதுக்குள்ள அவருக்குத் தலை நரைச்சுப் போச்சு, எனக்குப் பல்லு ரெண்டு போச்சு. ஆனா கடிதம் எழுதி, அனுமதி கேட்டு, இருபத்தொரு முட்டையை முழுங்கி... எல்லாம் உங்களுக்காகத்தான். பரவாயில்லையா உங்க அண்ணன்?"

காற்று இல்லை. டின்னில் எதுவும் அசையவில்லை. அவள் பதிலுக்குக் காத்திருந்தாள்.

நான் தலையாட்டினேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "வெங்காயம்," என்றாள்.

"பரவாயில்லை" என்ற சொல் வந்துவிட்டது. கேள்வியாகத்தான் வந்தது. செடியிடம்தான் கேட்டாள். ஆனாலும் என் கணக்குப் புத்தகத்தில் அன்றைய தேதியில் ஒன்று என்று எழுதிக்கொண்டேன்.

"இதுல எது பொண்ணுன்னு எப்பத் தெரியும்?"

"கம்மல் போட்டாத்தான். மூணு வருஷமோ நாலு வருஷமோ ஆகும்."

"இருப்பீங்களா?"

"இருப்பேன்."

"தேதி குறிச்சு வெச்சுக்கோங்க."

குறித்துக்கொண்டேன். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. கொண்டை ஊசியால் கிளற ஒரு நாள். வெங்காயம் போட அதே நாள். முளைக்காத இரண்டுக்கு இன்னொரு நாள். டின்னைப் பார்க்க எத்தனை நாளோ! ஒரு தடவைக்குப் பதினெட்டுப் படி!

"அப்ப உனக்கு முழங்கால் நல்லாத்தானே இருக்கு? நாளையில இருந்து துணியை..."

"அம்மா!" என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். நாற்பது வருஷத்தில் நான் பார்த்ததிலேயே வேகமான அசைவு அது. "இறங்கும்போது என்னைப் புடிச்சுக்கோங்க. டின்னை நானே எடுத்துக்கறேன்."

இறக்கிவிட்டேன். பதினெட்டுப் படி, முப்பத்தொரு "அம்மா!"

"இந்தப் பதிமூணுக்கும் நான் என்ன செய்யணும்?" என்று கீழே வந்ததும் கேட்டேன்.

"ஒண்ணும் செய்யக் கூடாது. உங்களுக்குத்தான் அந்தத் தட்டு இருக்கே. அதுக்கு ஊத்துங்க, எவ்வளவு வேணுமானாலும்."

ஆம்லெட்டுக்குப் போனது இருபத்திநான்கு. துணி காயப் போடப் போகும்போது மூன்று வேளையும் அளந்துதான் ஊற்றுகிறேன். மிச்சம் ஆறு.